பதிவேட்டுக்கு எத்தனை வீடு?

சேர்க்கை நீக்கல் பதிவேட்டில் ஒரு மாணவருக்கு நாம் ஒதுக்குவது ஒரே ஒரு வரி. சேர்க்கை எண், பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், இனம், தாய்மொழி, சேர்ந்த நாள், நீங்கிய நாள் என்று அந்த வரி முடிந்துவிடும். எழுதி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த வரியின் ஆயுள் மிக நீண்டது. மாற்றுச் சான்றிதழ் அதிலிருந்துதான் எழுதப்படுகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு, ஒரு சிறாரின் வயதில் ஐயம் எழுந்தால் முதலில் பார்க்கச் சொல்வது பள்ளி தந்த பிறந்த தேதிச் சான்றையோ பத்தாம் வகுப்புச் சான்றிதழையோதான். உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது.

நான் பணியாற்றும் கரடியூர்ப் பகுதியில் இந்த ஒரு வரியின் எடை இன்னும் கூடுதல். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடிக் குடும்பங்கள் பலவற்றில், வீட்டில் பத்திரமாக வைக்கப்பட்ட முதல் காகிதமே பள்ளி தந்த சான்றிதழாக இருக்கும். பேரப்பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கும்போது, தந்தையும் தாத்தாவும் எந்தப் பள்ளியில் படித்தார்கள், பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்ற கேள்வி வருகிறது. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆசிரியர் மையில் எழுதிய வரி அன்று பதில் சொல்கிறது.

இப்போது அந்த வரி இணையத்துக்குப் போய்விட்டது. எமிஸ் தளத்திலும் யுடைஸ் பிளஸ் தளத்திலும் மாணவர் விவரங்கள் உள்ளன. எங்கிருந்தும் பார்க்கலாம், எங்கிருந்தும் திருத்தலாம். தொலைதூரச் சேவையகங்களில் தரவை வைத்து இணையம் வழியாகப் பயன்படுத்தும் இந்த முறையைத்தான் மேகக் கணிமை என்கிறோம். அப்படியானால் பள்ளிக் கணினியிலேயே இயங்கும் அக்செஸ், லிபர் ஆபீஸ் பேஸ் போன்ற தரவுத்தள மென்பொருள்களுக்கு இனி என்ன வேலை? பயிற்சிகளில் சக ஆசிரியர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. வேலை இருக்கிறது, ஆனால் அது பழைய வேலை அல்ல என்பதே என் பதில். அதை விளக்கவே இக்கட்டுரை.

ஏட்டிலிருந்து தரவுத்தளத்துக்கு

தரவுத்தளம் என்றவுடன் பெரிய சொல்லாகத் தோன்றும். நாம் நாள்தோறும் கையாளும் பதிவேடுகள்தான் அதன் மூலம். பதிவேட்டின் ஒரு வரி ஒரு பதிவு. ஒரு பத்தி ஒரு புலம். ஒரே மாதிரியான பதிவுகள் சேர்ந்தது ஓர் அட்டவணை. ஒன்றோடொன்று தொடர்புடைய பல அட்டவணைகள் சேர்ந்தது தரவுத்தளம்.

இந்தத் ‘தொடர்பு’ என்பதுதான் முக்கியம். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற கணித அறிஞர் 1970இல் வெளியிட்ட கட்டுரையில் இக்கருத்தை முன்வைத்தார். ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் எழுது, மற்ற இடங்களில் அதைச் சுட்டிக்காட்டு என்று அதைச் சுருக்கிச் சொல்லலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு வீட்டிலிருந்து மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள். தந்தையின் கைப்பேசி எண் மூன்று வகுப்புப் பதிவேடுகளில் எழுதப்பட்டிருக்கிறது. எண் மாறிவிட்டது. ஒரு வகுப்பாசிரியர் திருத்துகிறார், மற்ற இருவருக்கும் செய்தி போகவில்லை. இப்போது ஒரே தந்தைக்கு இரண்டு எண்கள். எது சரி? தரவுத்தளத்தில் பெற்றோருக்குத் தனி அட்டவணை இருக்கும். எண் அங்கே ஒருமுறைதான் எழுதப்படும். மூன்று மாணவர்களின் பதிவுகளும் அந்தப் பெற்றோரைச் சுட்டும். ஓரிடத்தில் திருத்தினால் மூன்று இடங்களிலும் சரியாகிவிடும்.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். கரடியூர், கரடியுர், கரடி ஊர், கரடியூர் எஸ்டேட் என்று நான்கு விதமாக எழுதினால் கணினிக்கு அவை நான்கு ஊர்கள். ‘கரடியூரிலிருந்து எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள்?’ என்று கேட்டால் தவறான விடைதான் கிடைக்கும். நாகலூர், மாரமங்கலம், வெள்ளக்கடை, செம்மநத்தம் என்று ஊர்களுக்கு ஓர் அட்டவணை அமைத்து, அதிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி செய்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

கல்வித் துறை நடந்து வந்த பாதை

1980களில் டிபேஸ், பிறகு ஃபாக்ஸ்புரோ, 1992இல் வந்த மைக்ரோசாஃப்ட் அக்செஸ் ஆகியவை இந்த வசதியை மேசைக்கணினிக்குக் கொண்டுவந்தன. பெரிய கணினி மையம் இல்லாமலேயே ஒரு சிறு அலுவலகம் தன் தரவுத்தளத்தைத் தானே அமைத்துக்கொள்ள முடிந்தது. 2018க்கு முன் நம் மாநிலத்தில் மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் படித்தவர்களுக்கு ஸ்டார் ஆபீஸ் நினைவிருக்கும். அதில் தரவுத்தளப் பாடமும் இருந்தது. ஸ்டார் ஆபீஸின் வழித்தோன்றலே இன்று இலவசமாகக் கிடைக்கும் லிபர் ஆபீஸ்.

பள்ளிப் புள்ளிவிவரமும் இதே பாதையில் நடந்தது. மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டக் காலத்தில், 1990களின் நடுவில், டைஸ் என்ற மாவட்டக் கல்வித் தகவல் முறைமை தொடங்கப்பட்டது. செப்டம்பர் 30ஆம் நாளைக் கணக்கு நாளாகக் கொண்டு தலைமையாசிரியர் தாள் படிவத்தை நிரப்புவார். படிவங்கள் வட்டார அளவில் சேர்ந்து, மேலே உள்ள கணினியில் பதிவாகும். 2012–13இல் தொடக்கக் கல்வியும் இடைநிலைக் கல்வியும் ஒன்றிணைந்து யுடைஸ் ஆனது. 2018–19இல் இணையவழியில் யுடைஸ் பிளஸ் வந்தது. 2022–23 முதல் பள்ளி மொத்தமாக எண்ணிக்கை தரும் முறை மாறி, ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியே பதிவு என்றானது.

இந்த மாற்றத்தால் விளைந்த நன்மைகள் உண்மையானவை. மலையில் வேலை குறையும் மாதங்களில் குடும்பத்தோடு கேரளத்துக்கோ குடகுக்கோ சென்று திரும்பும் பிள்ளைகளை நாங்கள் அறிவோம். அப்படி ஒரு பிள்ளை வேறு மாவட்டப் பள்ளியில் சேர்ந்தால், பொதுவான மாணவர் எண் வழியே பழைய விவரம் புதிய பள்ளிக்குப் போய்ச் சேர்கிறது. தாள் படிவக் காலத்தில் அந்தப் பிள்ளை ஒரு பள்ளியில் இடைநின்றவராகவும் இன்னொரு பள்ளியில் புதியவராகவும் எண்ணப்பட வாய்ப்பிருந்தது. இதை ஒரு பள்ளியின் மேசைக்கணினியால் ஒருபோதும் தீர்க்க முடியாது. பல பள்ளிகள் ஒரே நேரத்தில் ஒரே தரவைப் பார்க்க வேண்டிய இடத்தில் மேகக் கணிமைக்கு மாற்று இல்லை.

எனவே ‘இணையத் தளமா, பள்ளிக் கணினியா’ என்று போட்டி வைப்பதில் பொருள் இல்லை. துறையின் தளத்தில் உள்ளதே அதிகாரப்பூர்வமான பதிவு. அந்தப் பதிவின் ஒரு பிரதியைப் பள்ளி தன் கையில் வைத்திருக்க வேண்டுமா, வைத்திருந்தால் எந்த வடிவத்தில் என்பதுதான் நாம் யோசிக்க வேண்டியது.

மென்பொருளுக்கு வயதாகும்

எந்த மென்பொருளும் நிரந்தரமல்ல. ஃபாக்ஸ்புரோவை 1992இல் வாங்கிய மைக்ரோசாஃப்ட் நிறுவனம், அதற்குப் புதிய பதிப்பு இனி வராது என்று 2007இல் அறிவித்தது. 2015இல் அதற்கான ஆதரவும் முடிந்தது. அக்செஸ் இன்றும் விற்பனையில் உள்ளது. ஆனால் அதன் 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. பழைய கணினிகளில் அவை இன்னும் இயங்கும், பாதுகாப்புத் திருத்தங்கள்தாம் வராது.

இதைக் கேட்டு, ‘அதனால்தான் எல்லாவற்றையும் இணையத்தில் வைக்க வேண்டும்’ என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அக்செஸை இணையத்திலேயே பயன்படுத்த மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த வலைச் செயலிகள் 2018இல் நிறுத்தப்பட்டன. மேசையில் இயங்கிய அக்செஸ் பிழைத்தது, மேகத்துக்குப் போன அக்செஸ் மறைந்தது. கூகுள் 2009இல் தொடங்கிய ஃபியூஷன் டேபிள்ஸ் என்ற இணையத் தரவு அட்டவணைச் சேவை 2019 டிசம்பரில் மூடப்பட்டது. இலவசமாகக் கிடைத்த ஒன்று இலவசமாகவே போய்விட்டது.

ஆக, மேசையானாலும் மேகமானாலும் மென்பொருளுக்கு முடிவு உண்டு. மென்பொருள் முடியும்போது தரவும் அதோடு முடிகிறதா என்பதே கவலைக்குரியது.

இங்கே நூலகங்கள் நமக்கு நல்ல பாடம் சொல்கின்றன. யுனெஸ்கோ நிறுவனம் 1980களின் நடுவில் தனிக்கணினிகளுக்காக சிடிஎஸ்–ஐசிஸ் என்ற தரவுத்தள மென்பொருளை வழங்கியது. இந்தியாவில் எண்ணற்ற நூலகங்கள் தம் நூற்பட்டியலை முதன்முதலாகக் கணினியில் ஏற்றியது அதில்தான். இன்று அதைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. நியூசிலாந்தில் 2000ஆம் ஆண்டில் பிறந்த கோஹா என்ற கட்டற்ற மென்பொருளுக்குப் பல நூலகங்கள் மாறிவிட்டன. ஆனால் நூற்பட்டியல்களை முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டிய நிலை வரவில்லை. பழைய மென்பொருள் தன் தரவைப் பன்னாட்டுத் தர அமைப்பு வகுத்த பொதுப் பரிமாற்ற வடிவத்தில் வெளியே தர வல்லதாக இருந்தது. பாத்திரம் பழையதானாலும் உள்ளே இருந்ததை வேறு பாத்திரத்துக்கு மாற்ற முடிந்தது.

ஃபாக்ஸ்புரோ கோப்புகளுக்கும் இது பொருந்தும். அந்த மென்பொருள் ஓய்வுபெற்றுவிட்டாலும், அது பயன்படுத்திய டிபிஎஃப் வகைக் கோப்பை லிபர் ஆபீஸ் கால்க் இன்றும் திறக்கும். உங்கள் அலுவலகப் பழைய கணினியில் அப்படி ஏதேனும் கோப்பு இருந்தால் அதைக் குப்பை என்று எண்ணி அழித்துவிடாதீர்கள்.

ஒரே இடம் என்பதே ஆபத்து

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் சுற்றுப்புற மாவட்டங்களிலும் எத்தனையோ மாணவர்களின் சான்றிதழ்களும் பாடநூல்களும் நீரில் போயின. மாற்று ஆவணங்கள் வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. முகாமில் மாற்றுச் சான்று தர முடிந்ததற்குக் காரணம், மூலப்பதிவு வேறோர் இடத்தில் இருந்ததுதான். வீட்டிலிருந்த காகிதம் மட்டுமே ஒரே பிரதி என்றிருந்தால் என்ன செய்திருக்க முடியும்?

காகிதம் நீரில் போகும், கணினி மையம் அப்படிப் போகாது என்றும் சொல்ல முடியாது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் உள்ள தேசியத் தகவல் வள மையத்தில் மின்கலத்திலிருந்து தீப்பற்றியது. 600க்கும் மேற்பட்ட அரசு இணையச் சேவைகள் நின்றுபோயின. அவற்றில் பல மெல்ல மீண்டன. ஆனால் அரசு ஊழியர்கள் தம் பணிக் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த ஜி டிரைவ் என்ற சேமிப்பகம், 858 டெராபைட் தரவோடு அழிந்தது. அதற்கு வெளியில் வேறு பிரதி இல்லை. தொழில்நுட்பத்தில் உலகுக்கே முன்னோடியான ஒரு நாட்டில் நடந்தது இது.

இரு நிகழ்வுகளும் ஒன்றையே சொல்கின்றன. தரவு வீட்டில் இருந்ததோ மேகத்தில் இருந்ததோ கேடு அல்ல. ஒரே இடத்தில் இருந்ததுதான் கேடு. விதைநெல்லை ஒரே குதிரில் வைக்காத முன்னெச்சரிக்கை நம் வேளாண் குடும்பங்களுக்குப் புதிதல்ல. அதைத் தரவுக்கும் கடைப்பிடித்தால் போதும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறு இடத்தில் என்பதைக் கணினித் துறையினர் விதியாகவே சொல்வார்கள்.

தமிழுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை

நம் பதிவுகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருங்குறி பரவலாவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தோம். ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மாணவர் பெயர் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எழுத்துரு இருந்தாலும் அகர வரிசையில் அடுக்க முடியாது, பெயரைத் தேட முடியாது.

தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் ஒருங்குறியைத் தமிழுக்கான தரமாக ஏற்று ஆணையிட்டது. அதற்கு முந்தைய கோப்புகள் பள்ளிகளில் இன்னும் இருக்கக்கூடும். பழைய எழுத்துருவை ஒருங்குறியாக்கும் மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒவ்வொரு பெயரையும் மூலப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் அந்தப் பிள்ளைக்குப் பின்னாளில் அலைச்சல்.

விரிதாள் போதாதா?

‘எக்செல் இருக்கிறதே, தரவுத்தளம் எதற்கு?’ என்பது அடுத்த கேள்வி. மதிப்பெண் கூட்டவும், தேர்ச்சி விழுக்காடு காணவும், வரைபடம் போடவும் விரிதாள் நல்ல கருவி. ஆனால் அது எதையும் மறுக்காது. பிறந்த தேதிக் கட்டத்தில் தந்தை பெயரை எழுதினாலும் ஏற்கும். ஒரே சேர்க்கை எண்ணை இருவருக்குக் கொடுத்தாலும் ஏற்கும். ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டால், ஒருவர் பெயருக்கு நேரே மற்றொருவர் பிறந்த தேதி வந்து நிற்கும்.

தரவுத்தளம் கண்டிப்பானது. தேதிப் புலத்தில் தேதி மட்டுமே வர முடியும். சேர்க்கை எண்ணை முதன்மைத் திறவுகோலாக அமைத்தால் அதே எண் இரண்டாம் முறை நுழையாது.

இந்த வேறுபாட்டை உலகமே பார்த்தது 2020இல். இங்கிலாந்தில் கொரோனா தொற்றாளர் விவரங்களைப் பழைய வகை எக்செல் கோப்பில் சேர்த்து வந்தார்கள். அந்த வகைக் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடம் இல்லை. அதற்கு மேல் வந்தவை விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 தொற்றாளர்களின் விவரம் உரிய நாளில் கணக்கில் வரவில்லை. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் தாமதமானது. நம் பள்ளியில் அத்தனை வரிகள் வராது என்பது உண்மை. ஆனாலும் பட்டியல் வேறு, பதிவு வேறு என்பதை அந்நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது.

மேசையிலிருந்து சட்டைப்பைக்கு

மேசைக்கணினித் தரவுத்தளம் அழிந்துவருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது நம் சட்டைப்பைக்கு வந்துவிட்டது. நம் ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றிலும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம் இயங்குகிறது. தொடர்பு எண்களும் குறுஞ்செய்திகளும் அதில்தான் உள்ளன.

அது பிறந்த காரணம் மலைப்பள்ளி ஆசிரியர்களுக்கு உடனே விளங்கும். ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்க நிரலாளர் போர்க்கப்பலுக்கான மென்பொருள் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார. தரவுத்தளம் வேறு சேவையகத்தில் இருந்தது. அந்தச் சேவையகம் நின்றால் இவருடைய மென்பொருளும் ‘இணைக்க முடியவில்லை’ என்று நின்றுவிடும். சேவையகமே தேவைப்படாத தரவுத்தளம் ஒன்று இருந்தால் என்ன என்று எண்ணி, 2000ஆம் ஆண்டில் எஸ்க்யூலைட்டை உருவாக்கினார். முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். 2050 வரை ஆதரவு தருவது தங்கள் நோக்கம் என்று அதை உருவாக்கியவர்கள் அறிவித்துள்ளனர். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், தரவுத் தொகுப்புகளை நெடுங்காலம் பாதுகாக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களுள் இதையும் சேர்த்திருக்கிறது.

மழைக்காலத்தில் சேர்வராயன் மலையில் பனிமூட்டம் இறங்கி, மரம் விழுந்து மின்சாரம் நின்று, சிக்னலும் போய்விடும் நாட்கள் உண்டு. அன்றும் வருகைப்பதிவு எடுத்தாக வேண்டும். இதற்கு ஏற்ற அமைப்பு எது? முதலில் கருவியிலேயே பதிவு செய்து, வலை கிடைத்ததும் மையத் தளத்துக்கு அனுப்புவதுதான். 2019இல் மென்பொருள் ஆய்வாளர்கள் சிலர் வெளியிட்ட கட்டுரை ஒன்று இதற்கு ‘உள்ளிடமே முதலிடம்’ என்ற பொருளில் பெயரிட்டது. தரவின் முதல் பிரதி பயனாளரின் கருவியில் இருக்க வேண்டும், மேகத்தில் இருப்பது துணையாக நிற்க வேண்டும் என்பது அதன் வாதம். மேசைத் தரவுத்தளத்தின் எதிர்காலம் இந்தத் திசையில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். தனித்து நின்ற பெட்டி, மேகத்தோடு பேசும் பெட்டியாக மாறிக்கொண்டிருக்கிறது.

பள்ளியில் நாம் செய்யக்கூடியவை

முதலில் அளவைப் பார்ப்போம். ஆண்டுக்கு 100 மாணவர் சேர்க்கை என்று கொண்டால் முப்பது ஆண்டுகளில் 3,000 பதிவுகள். ஒரு பதிவுக்கு 40 புலங்கள், ஒரு புலத்துக்குச் சராசரியாக 15 எழுத்துக் குறியீடுகள் என்றால் மொத்தம் 18 லட்சம் குறியீடுகள். ஒருங்குறியில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு வழக்கமாக 3 பைட் ஆகும். ஆக 54 லட்சம் பைட், அதாவது சுமார் 5 மெகாபைட். கைப்பேசியில் எடுக்கும் ஓரிரு படங்களின் அளவுதான். ஒரு பள்ளியின் முப்பது ஆண்டு வரலாற்றைக் காப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை, ஒழுங்கு வேண்டும்.

தலைமையாசிரியரின் ஒப்புதலோடு பின்வருவனவற்றைச் செய்யலாம்.

1. எமிஸ் தளத்தில் பள்ளிக்கு அனுமதிக்கப்பட்ட பட்டியல்களைப் பருவத்துக்கு ஒருமுறை பதிவிறக்கி வையுங்கள். கோப்பின் பெயரிலேயே தேதி இருக்கட்டும்.

2. அவற்றை சிஎஸ்வி வடிவிலும் சேமியுங்கள். காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட எளிய உரைக் கோப்பு அது. எந்த மென்பொருளும் திறக்கும், எதுவும் இல்லாவிட்டால் நோட்பேடில்கூடப் படிக்கலாம்.

3. லிபர் ஆபீஸ் பேஸில் மாணவர், பெற்றோர், ஊர், சேர்க்கை என்று நான்கு அட்டவணைகளை மட்டும் அமையுங்கள். தொடக்கத்திலேயே இருபது அட்டவணைகள் வேண்டாம்.

4. புலங்களின் பொருளை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். ‘சேர்ந்த நாள்’ என்பது பள்ளியில் சேர்ந்த நாளா, வகுப்பில் சேர்ந்த நாளா? நாம் மாறுதலில் போன பின் வருபவருக்கு அந்தத் தாளே வழிகாட்டி.

5. பழைய சேர்க்கைப் பதிவேட்டின் பக்கங்களைத் தெளிவாகப் படமெடுத்து ஆண்டுவாரியாக அடுக்குங்கள். கரையான் காத்திருப்பதில்லை.

6. பிரதிகளைப் பள்ளிக் கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, துறை அனுமதிக்கும் வேறோர் இடத்தில் ஒன்று என வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பிரதியைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

இதில் கவனமாக இருக்க வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளைகளின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, உடல்நலக் குறிப்பு ஆகியவை நம்முடைய சொத்து அல்ல, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என வரையறுத்து அவர்களின் தரவுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. எனவே பள்ளிக் கோப்புக்குக் கடவுச்சொல் வேண்டும். வாட்ஸாப் குழுவில் மாணவர் பட்டியலைப் பகிர வேண்டாம். எவரும் திறக்கக்கூடிய இணைய விரிதாளில் ஆதார் எண்களைத் திரட்ட வேண்டாம். தேவையில்லாத விவரத்தைக் கேட்காமலேயே இருப்பது எல்லாவற்றிலும் நல்ல பாதுகாப்பு.

வகுப்பறைக்குள் தரவுத்தளம்

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதைக் கணினி இல்லாமலேயே கற்பிக்கலாம். பள்ளியைச் சுற்றியுள்ள செடி, மரங்களுக்கு ஆளுக்கு ஓர் அட்டை எழுதச் சொல்லுங்கள். பெயர், உயரம், இலையின் வடிவம், பூக்கும் மாதம், பயன். எங்கள் பகுதியில் என்றால் காபி, மிளகு, பலா, ஆரஞ்சு, சில்வர் ஓக் எல்லாம் அட்டைகளில் வந்துவிடும். இப்போது, ‘பூக்கும் மாதப்படி அடுக்குங்கள்’, ‘உண்ணத் தகுந்தவற்றை மட்டும் பிரியுங்கள்’, ‘கொடியாகவும் உணவாகவும் இருப்பது எது?’ என்று கேளுங்கள். பிள்ளைகள் அட்டைகளைப் புரட்டிப் பிரிக்கும்போது பதிவு, புலம், வரிசைப்படுத்தல், வினவல் அனைத்தையும் கையாலேயே கற்றுவிடுகிறார்கள். ஒருவர் ‘பலா’ என்றும் மற்றவர் ‘பலாமரம்’ என்றும் எழுதியதால் எண்ணிக்கை தவறும்போது, ஒரே பெயர் எழுத வேண்டியதன் தேவையை அவர்களே சொல்வார்கள்.

மேல்நிலை வகுப்பில் வாய்ப்பு இன்னும் அதிகம். நம் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் தரவுத்தளக் கருத்துகள், வினவல் மொழி, சிஎஸ்வி கோப்புகள், பைத்தான் வழியே எஸ்க்யூலைட்டைக் கையாளுதல் ஆகியவை உள்ளன. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய அட்டைகளை மேல்நிலை மாணவர்கள் எஸ்க்யூலைட்டில் ஏற்றலாம். அந்த ஊரின் செடிகளைப் பற்றிய உண்மையான தரவுத்தளம் ஒன்று உருவாகும். இணையம் இல்லாத நாளிலும் அது இயங்கும். மாணவர்களின் தனிப்பட்ட விவரம் எதுவும் அதில் இல்லாததால் அச்சமின்றிப் பகிரலாம்.

தரவை ஒரு தளத்தில் உள்ளிடுவது மட்டுமே நம் வேலை என்று எண்ணினால் நாளடைவில் அந்தத் தரவு நமக்கே அந்நியமாகிவிடும். அதன் அமைப்பை அறிந்து, ஒரு பிரதியைத் திறக்கத் தக்க வடிவில் கையில் வைத்து, கேள்வி கேட்டு விடை பெறத் தெரிந்தவரே அதற்குப் பொறுப்பாளர். ஏடு, மேசைக்கணினி, மேகம் என்று மூன்று வீடுகளிலும் அந்த ஒரு வரி ஒரே மாதிரி இருக்கட்டும். அடுத்த பருவ விடுமுறை தொடங்குவதற்கு முன், பழைய சேர்க்கைப் பதிவேட்டின் முதல் பத்துப் பக்கங்களைப் படமெடுத்து வைப்பதிலிருந்து இந்த வேலையைத் தொடங்கலாம்.